ரோலாவின் உடையில் யார்? ஷெரிடனின் ‘பிசாரோ’வும் காலனி மேடைகளும்

(மொன்றியல் தீவின் புவாண்ட்-கிளேரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தியது.)



இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது இப்போது யாரும் மேடையேற்றாத ஒரு நாடகம். 1799 மே 24 அன்று லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் முதன்முறை நடிக்கப்பட்ட ‘பிசாரோ’. எழுதியவர் ரிச்சர்ட் பிரின்ஸ்லி ஷெரிடன். பெரு நாட்டைச் சூறையாட வந்த ஸ்பானியப் படைத்தலைவன் பிசாரோவும், அவனை எதிர்த்து நிற்கும் பெரு வீரன் ரோலாவும் அதன் இரு துருவங்கள். அந்தப் பருவத்தில் மட்டும் 31 இரவுகள் ஓடியது. மன்னர் மூன்றாம் ஜார்ஜே வந்து பார்த்தார். அச்சுநூலும் மேடையைப் போலவே விற்றது. நாடு பிடிப்பவனைக் கொடியவனாகவும் நாட்டை இழப்பவனை உத்தமனாகவும் காட்டும் நாடகத்தை, உலகில் மிக வேகமாக நாடு பிடித்துக்கொண்டிருந்த ஓர் அரசின் தலைநகரம் எழுந்து நின்று கைதட்டி வரவேற்றது. இந்த வியப்பிலிருந்துதான் என் கேள்வி தொடங்குகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோற்றவனின் துயரத்தை மேடையில் பேசவிடுவது வென்றவனுக்குக் கடினமான காரியமில்லை. அவன் அழவும் செய்வான். ஆனால் ரோலாவின் உடையை அணிந்து நிற்பவர் யார், எதிரே அமர்ந்திருப்பவர் யார் என்பது மாறிய இடங்களில், வசனத்தில் ஓர் எழுத்தும் மாறாமலே அது வேறு நாடகமாகிவிட்டது. ஆகவே காலனி நாடுகளில் ஆங்கில மெலோடிராமா பெற்ற வாழ்வை நாடக நூல்களின் வரலாறாக எழுதினால் பாதிதான் கிடைக்கும். நடிகர்களின் வரலாறாகவும் அவைகளின் வரலாறாகவும் அதை எழுத வேண்டும்.

1. லண்டன் யாரைக் கண்டு கைதட்டியது?

நாடகத்தின் மூலம் ஜெர்மன் மொழியில் கோட்ஸபூ எழுதியது. ஷெரிடன் அதை ஆங்கில மேடைக்கு ஏற்ப மாற்றினார். கதை இதுதான். பிசாரோவின் படையிலிருந்து விலகிய அலோன்சோ என்ற ஸ்பானிய இளைஞன் பெரு மக்களோடு சேர்ந்துகொள்கிறான். கோரா என்ற பெருப் பெண்ணை மணக்கிறான். அவளை முன்பே காதலித்திருந்த ரோலா, அவர்கள் இருவரின் நலத்துக்காகவும் ஒதுங்கி நிற்கிறான். அலோன்சோ சிறைப்படும்போது துறவி வேடத்தில் உள்ளே சென்று, அவனை வெளியே அனுப்பிவிட்டுத் தான் சிறையில் அமர்கிறான். பிசாரோ உறங்கும் கூடாரத்தில் கையில் குத்துவாளோடு நின்றும், உறங்குபவனைக் கொல்ல மனமின்றி எழுப்பிவிடுகிறான். இறுதியில் கோராவின் குழந்தையை உயர்த்திப் பிடித்தபடி, அருவியின் மேலிருக்கும் மரப்பாலத்தைத் துப்பாக்கிக் குண்டுகளுக்கிடையே கடந்து, தாயின் கையில் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு உயிர்விடுகிறான். ரோலாவாக ஜான் ஃபிலிப் கெம்பிள் நடித்தார். பிசாரோவின் காதலியாக இருந்து அவனையே எதிர்த்து எழும் எல்விராவாக சாரா சிடன்ஸ் நடித்தார்.

பெருப் படைவீரர்களிடம் ரோலா ஆற்றும் உரைதான் நாடகத்தின் உயிர்நாடி. வந்தவர்கள் கொள்ளைக்காகப் போரிடுகிறார்கள், நாமோ நாட்டுக்காகவும் இல்லத்துக்காகவும் போரிடுகிறோம் என்பது அதன் சாரம். இந்த உரைக்கு ஒரு முன்கதை உண்டு, அது இந்தியாவில் இருக்கிறது. வங்காளத்தின் தலைமை ஆளுநராக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது பிரித்தானிய நாடாளுமன்றம் குற்றம் சாட்டியபோது, அயோத்தியின் பேகம்களிடம் கொள்ளையடித்தது பற்றிய குற்றச்சாட்டை 1787-இல் கீழவையிலும் 1788-இல் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்திலும் எடுத்துரைத்தவர் இதே ஷெரிடன்தான். காவல் என்ற பெயரில் வருபவனின் பேராசையைக் காட்ட அங்கே அவர் கையாண்ட உருவகங்கள் ரோலாவின் வாயில் மீண்டும் வருகின்றன. இதில் புதிதாக ஒன்றுமில்லை, ஹேஸ்டிங்ஸ் வழக்கிலேயே எல்லாம் கேட்டாயிற்று என்று பிரதமர் பிட் சொன்னதாக ஒரு செய்தி வழங்குகிறது. வழக்கு 1795-இல் விடுதலையில் முடிந்தது. நீதிமன்றத்தில் தோற்ற வாதம் நான்கு ஆண்டுகளில் அரங்கில் வென்றது. ஆனால் வெல்வதற்கு அது அயோத்தியை விட்டுப் பெருவுக்குப் போக வேண்டியிருந்தது. கொடியவன் ஆங்கிலேயனாக இருந்தவரை அவை ஏற்கவில்லை. ஸ்பானியனானதும் ஏற்றுக்கொண்டது.

இங்கே எழக்கூடிய மறுப்பு ஒன்றை இப்போதே பார்த்துவிடலாம். ‘பிசாரோ’ தன்னைத் துன்பியல் நாடகம் என்றுதான் அறிவித்துக்கொண்டது. இங்கிலாந்தில் மெலோடிராமா என்ற பெயரோடு வந்த முதல் நாடகம் 1802-இல் கோவென்ட் கார்டனில் மேடையேறிய தாமஸ் ஹோல்கிராஃப்டின் படைப்பு. பிறகு எப்படி இதை மெலோடிராமா எனலாம்? பெயர்ப்பலகையை வைத்து வகை பிரிப்பதைவிட மேடையில் நடந்ததை வைத்துப் பிரிப்பதே சரி என்று நினைக்கிறேன். உணர்ச்சி உச்சங்களைத் தாங்கும் இசை, உறைந்து நிற்கும் காட்சிகள், அருவியும் பாலமுமான பிரம்மாண்டம், ஆபத்திலிருக்கும் குழந்தை, கறையே இல்லாத நாயகன், கடைசியில் கொடியவன் வீழ்வது என எல்லாம் இங்கே இருக்கின்றன. பிசாரோ மேடையிலேயே கொல்லப்படும் முடிவு ஷெரிடன் சேர்த்தது. வரலாற்றில் பெருவின் அரசன் அத்தஹுவால்பா 1533-இல் ஸ்பானியரால் கொல்லப்பட்டான். மேடையிலோ பெரு வெல்கிறது. வரலாறு தராத நீதியை மேடை வழங்குவது மெலோடிராமாவின் அடையாளங்களில் முதன்மையானது.

2. 1799, 1801, 1803

இந்த ஆண்டுகளை நம் பக்கத்து ஆண்டுகளோடு சேர்த்துப் படிக்காமல் இந்த நாடகத்தை முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது. ‘பிசாரோ’ அரங்கேறுவதற்கு 20 நாள் முன்பு, 1799 மே 4 அன்று, ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். கப்பல் வழிச் செய்தி லண்டனை அடையப் பல மாதம் ஆகும். ஆகவே முதல் இரவுகளில் ரோலாவுக்காகக் கண்ணீர் விட்டவர்களுக்கு அது தெரியாது. செய்தி வந்த பின்னும் கண்ணீர் திசைமாறவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. அதே ஆண்டு அக்டோபர் 16 அன்று கயத்தாறில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார்.

1803-இல் நெப்போலியன் கால்வாயைக் கடந்து படையெடுப்பான் என்ற அச்சம் இங்கிலாந்தைப் பிடித்தாட்டியது. அப்போது ரோலாவின் உரையை நாடகத்திலிருந்து பிரித்தெடுத்து, நாட்டு மக்களுக்கு ஷெரிடனின் அறைகூவல் என்ற பெயரில் சுவரொட்டியாக அச்சிட்டுப் பரப்பினார்கள். ஸ்பானியரின் இடத்தில் பிரெஞ்சுக்காரர், பெரு மக்களின் இடத்தில் ஆங்கிலேயர். 1799-இல் லண்டன் அவை உள்ளுக்குள் செய்துகொண்ட மாற்றம் இப்போது வெளிப்படையாகவே சுவரில் ஒட்டப்பட்டது. ரோலா ஆங்கிலேயனாகிவிட்டான். படையெடுக்கப்படும் அப்பாவி நாடு என்று தன்னைக் கற்பனை செய்துகொண்ட அந்தக் கணத்தில், தன் படைகள் வேறெங்கோ செய்துகொண்டிருந்ததை அந்த நாடு பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அது எங்கே என்று நமக்குத் தெரியும். 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றிய வன்னித் தலைவன் பண்டாரவன்னியன், அக்டோபர் 31 அன்று கற்சிலைமடுவில் கப்டன் வான் டிரிபேர்க்கின் படையிடம் தோற்றான். லண்டன் சுவர்களில் ரோலாவின் உரை இருந்த அதே மாதங்கள் அவை. இன்னும் இரண்டு ஆண்டு முன்னே போனால், 1801 ஜூனில் மருது சகோதரர்களின் அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அந்நியன் வந்து நாட்டைத் தனதாக்கிக்கொண்டான், எல்லாச் சாதியினரும் மதத்தினரும் எழுந்து விரட்டுங்கள் என்று அது கூவியது. ரோலாவின் உரைக்கும் இந்த அறிக்கைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒன்றை எழுதியவர் மற்றதை அறிந்திருக்க வழியே இல்லை. ஆனால் இரண்டும் ஒரே வகையான பேச்சு, இரண்டும் சுவரில் ஒட்டப்பட்டவை. லண்டனில் ஒட்டியவர் தேசப்பற்றாளர் எனப் பாராட்டப்பட்டார். திருச்சியில் ஒட்டச் செய்தவர்கள் அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். பேச்சின் பொருளைப் பேசுபவரின் இடம் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஷெரிடன் நேர்மையற்றவர் என்று நான் சொல்ல வரவில்லை. அயர்லாந்தில் பிறந்தவர். 1798-இல் அயர்லாந்தின் எழுச்சி இரத்தத்தில் அடக்கப்பட்ட மறு ஆண்டே இந்த நாடகத்தை எழுதினார். அவர் மனத்தில் ரோலா யாராக இருந்தான் என்பது திறந்த கேள்வி. ஆனால் அரங்கில் ரோலா யாராக ஆனான் என்பதை அவர் தீர்மானிக்க முடியவில்லை.

3. நியூயார்க்கில் ஒரு கறுப்பு ரோலா

1800-இலேயே வில்லியம் டன்லப் என்பவர் இதை நியூயார்க்கில் மேடையேற்றிவிட்டார். அங்கே வெள்ளை நடிகர்கள் வெள்ளை அவையினருக்கு நடித்த வரலாறு நீண்டது. ஆனால் லண்டனில் கண்டதற்கு மேல் அது அதிகம் எதையும் சொல்வதில்லை. எனக்கு முக்கியமானது 1821-இல் அதே நகரில் வில்லியம் பிரவுன் என்ற சுதந்திரக் கறுப்பினத்தவர் தொடங்கிய ஆப்பிரிக்கன் குரோவ் அரங்கு. நடித்தவர்கள் கறுப்பு மக்கள். ஷேக்ஸ்பியரை நடித்தார்கள், ‘பிசாரோ’வையும் எடுத்துக்கொண்டார்கள். பின்னாளில் ஐரோப்பா முழுதும் ஒத்தெல்லோவாகவும் லியராகவும் புகழ்பெற்ற ஐரா ஆல்ட்ரிட்ஜ், 1807-இல் அந்நகரில் பிறந்தவர். இளமையில் தான் ஏற்ற முதல் வேடம் ரோலா என்று அவரது வாழ்க்கைக் குறிப்பு கூறுகிறது.

அந்த மேடையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நியூயார்க் மாநிலத்தில் அடிமை முறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1827-இல். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பதின்ம வயதுக் கறுப்பு இளைஞன் ஒருவன் நாட்டைப் பறிக்க வந்த வெள்ளையரைப் பார்த்து அந்த உரையைப் பேசுகிறான். ட்ரூரி லேனில் கெம்பிள் பேசிய அதே சொற்கள்தாம். கெம்பிள் பேசியபோது மன்னர் கைதட்டினார். பிரவுனின் குழு 1822-இல் பெரிய பார்க் அரங்கின் அருகிலேயே இடம்பிடித்து நடித்தபோது காவலர்கள் புகுந்து நடிகர்களைக் கைது செய்தார்கள். இனி ஷேக்ஸ்பியரை நடிக்க மாட்டோம் என்று உறுதி வாங்கிக்கொண்டே விடுவித்தார்கள். 1823-இல் பிரவுன் தானே ஒரு நாடகம் எழுதினார். செயின்ட் வின்சென்ட் தீவின் கரிப் மக்கள் பிரித்தானியருக்கு எதிராக நடத்திய கிளர்ச்சி அதன் பொருள். பிரதி நமக்குக் கிடைக்கவில்லை, பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. பிறர் எழுதிய ரோலாவை நடித்த குழு தன் சொந்த ரோலாவை எழுதத் தொடங்கியது என்பதே எனக்கு இந்த வரலாற்றின் திருப்புமுனையாகப் படுகிறது.

நியூயார்க் அப்போது காலனி அல்லவே என்று கேட்கலாம். நாட்டின் சட்டநிலைப்படி அது சரி. ஆனால் விலைக்கு வாங்கப்பட்டவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் 1776 என்ன விடுதலையைத் தந்தது? காலனி மேடை என்று நான் குறிப்பிடுவது ஆளுநரின் கொடி பறக்கும் இடத்தை அல்ல. மேடையில் தன் துயரம் பேசப்படும்போதும் மேடையேற உரிமை இல்லாதவர்கள் வாழும் இடத்தை.

4. இந்த நகரமும் அதன் மேடையும்

மொன்றியலில் மது ஆலை முதலாளி ஜான் மோல்சன் முன்னின்று எழுப்பிய தியேட்டர் ராயல் 1825-இல் திறந்தது. இன்று பொன்செகூர் சந்தை நிற்கும் இடம் அது. ஆங்கில வணிகரும் படை அதிகாரிகளும் அதன் அவை, பல இரவுகளில் அதிகாரிகளே நடிகர்களும்கூட. 1842-இல் சார்லஸ் டிக்கன்ஸ் இங்கு வந்தபோது அவர்களோடு சேர்ந்து மேடையேறினார். லண்டனின் ருசி கப்பலில் அப்படியே வந்து இறங்கிய அரங்கு.

1826-இல் எட்மண்ட் கீன் இங்கும் கியூபெக் நகரிலும் நடித்தார். கியூபெக்கை அடுத்து வாழ்ந்த ஹ்யூரோன்-வென்டாட் மக்கள் அவரைத் தம் தலைவர்களில் ஒருவராகச் சேர்த்துப் பெயர் சூட்டினார்கள். அவர்களது உடையில் தன்னைப் படம் வரைவித்துக்கொண்ட கீன், அந்தத் தலைமையைத் தன் மிகப் பெரிய பெருமையாக ஊர் ஊராகச் சொன்னார். அவரது மகிழ்ச்சி உண்மையானது என்றே நம்புகிறேன். அந்த மரியாதையைக் கொடுத்தவர்களுக்கும் அதில் சொந்தக் கணக்குகள் இருந்திருக்கும். ஆனால் லண்டன் நடிகர் பூர்வகுடித் தலைவரின் உடையில் பாராட்டுப் பெற முடிந்த அந்தக் காலத்தில், பூர்வகுடி மக்களில் ஒருவர் தியேட்டர் ராயலில் ரோலாவாக நிற்க இடமிருந்ததா?

நாம் கூடியிருக்கும் இந்த ஊர் செயின்ட் லூயி ஏரியின் வடகரையில் இருக்கிறது. தென்கரையில் கானவாகே, மோஹாக் மக்களின் ஊர். 1876-இல் அங்கிருந்து சென்ற லக்ரோஸ் ஆட்டக்காரர்கள் இங்கிலாந்தில் விக்டோரியா அரசியின் முன் ஆடினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டீர் குடும்பத்தார் மேடைக் குழுவாக ஐரோப்பா சென்றார்கள். எஸ்தர் டீர் நியூயார்க்கின் பெரிய அரங்குகளில் ஆடினார். உடை அவர்களுடையதாக இருந்தது. ஆனால் நிகழ்ச்சியை அமைத்தவர் பெரும்பாலும் வேறொருவர். ரோலாவின் உரைக்கு நிகரான ஒன்றைத் தம் வாயால் பேசும் மேடை அவர்களுக்குக் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. இந்த மண்ணில் குடியேறிய நமக்கு இது பிறர் வரலாறு இல்லை.

5. ரோலா தமிழ் பேசியபோது

இந்தியாவில் ‘பிசாரோ’ பார்சி நாடகக் கம்பெனிகளின் வழியே மறுபிறவி எடுத்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆகா ஹஷ்ர் காஷ்மீரி அதைத் தழுவி ‘அஸீர்-ஏ-ஹிர்ஸ்’ என்ற உருது நாடகத்தை எழுதினார். பார்சிக் கம்பெனிகள் வண்ணத் திரைகளையும் ஜாலக் காட்சிகளையும் சென்னை, கொழும்பு வரை கொண்டுசென்றன. சிங்களத்தின் நூர்த்தி நாடகம் அந்தப் பாதிப்பில் வளர்ந்தது. ஜான் டி சில்வா 1906-இல் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை மேடைக்குக் கொண்டுவந்தார். தமிழில் பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபை அதே மேடைமுறையைக் கற்ற மத்தியதர வகுப்பின் கைக்குக் கொண்டுவந்தது. அந்தச் சபையின் இலங்கை வருகை கலையரசு சொர்ணலிங்கத்தைத் தூண்டியது, ஈழத்து நாடகம் புதிய பாதை கண்டது.

ஆனால் நேரடியாக ரோலாவைப் பேசவைக்கத் தடை இருந்தது. ‘நீல் தர்ப்பண்’ போன்ற நாடகங்கள் கிளப்பிய கலக்கத்துக்குப் பின் 1876-இல் பிரித்தானிய அரசு நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. ஆகவே ரோலா புராண வேடம் பூண்டான். விசுவநாததாஸ் வள்ளி திருமணத்தில் முருகனாக நின்று, தினைப்புனத்தில் இறங்கும் வெள்ளைக் கொக்குகளை விரட்டும் பாட்டைப் பாடினார். பாடியவருக்கும் கேட்டவருக்கும் காவல்துறைக்கும் அந்தக் கொக்குகள் யாரென்று தெரியும். எத்தனையோ முறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர்விட்டார். ஒடுக்கப்பட்ட மருத்துவர் சமூகத்தில் பிறந்த அவரோடு மேடையேற மறுத்த நடிகைகளும் உண்டு. வெள்ளையனுக்கு எதிராக ரோலாவாக நின்றவருக்குத் தன் சொந்த மேடையிலேயே நிற்க இடம் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. யார் அந்த உடையை அணியலாம் என்ற என் கேள்வி காலனி ஆட்சியோடு முடிவதில்லை என்பதை இது காட்டுகிறது.

விடுதலைக்குப் பின் தடை போயிற்று. 1957-இல் சக்தி கிருஷ்ணசாமி எழுதிய ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ நாடகத்தில் சிவாஜி கணேசன் நடித்தார். 1959-இல் அது படமானது. சிறைபிடிக்கப்பட்ட முதியவன் ஓரோசெம்போ, பிசாரோவின் கேள்விகளுக்கு அஞ்சாமல் பதிலடி கொடுக்கும் காட்சி ஷெரிடனில் உண்டு. கட்டபொம்மன் ஜாக்சன் துரையின் முன் வரி கேட்டவனை வாயடைக்கும் காட்சியை அதன் அருகில் வைத்துப் பாருங்கள். ஆயுதம் ஏந்தியவன் கேள்வி கேட்கிறான், எதிரே நிற்பவன் சொல்லால் வெல்கிறான்.

இதைக் கேட்டதும் எழும் மறுப்பு நியாயமானது. கட்டபொம்மனுக்கு நாட்டுப்புறக் கதைப்பாடல் உண்டு, கும்மி உண்டு, கூத்து உண்டு. தெருக்கூத்தின் உரத்த குரலும் வீரப் பேச்சும் ட்ரூரி லேனைவிடப் பழையவை. எல்லாவற்றுக்கும் ஆங்கில மூலம் தேடுவது அடிமைப் பழக்கம் அல்லவா? ஒப்புக்கொள்கிறேன். சக்தி கிருஷ்ணசாமி ஷெரிடனைப் பார்த்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. என் வாதம் வேறு. படச்சட்ட மேடை, ஓர் இரவுக்குள் முடியும் கதைக்கட்டு, கறையற்ற நாயகன், அவையின் கைதட்டலுக்காகவே நிறுத்தி வைக்கப்படும் உரை என்ற கருவிகள் வெள்ளையரின் அரங்கிலிருந்து பல கைகள் மாறி நம்மிடம் வந்தன. அவற்றில் நம் கூத்தின் குரலை ஏற்றினோம். ஆல்ட்ரிட்ஜ் செய்ததும் இதுவே.

6. துரோகி எங்கே நிற்கிறான்?

கருவி ஒன்றானாலும் ஓர் இடத்தில் நம் நாடகங்கள் ஷெரிடனிடமிருந்து முற்றாகப் பிரிகின்றன. இதை யாரும் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் ஆதங்கம். ‘பிசாரோ’வில் கட்சி மாறுபவர்கள் எல்லாரும் ஸ்பானியர்கள். அலோன்சோ பெருவோடு சேர்கிறான். லாஸ் காசாஸ் என்ற துறவி வன்முறையைக் கண்டித்து வெளியேறுகிறார். எல்விரா பிசாரோவுக்கு எதிராகக் குத்துவாள் கொடுக்கிறாள். மனசாட்சி உள்ள ஐரோப்பியர் மூவர் மேடையில் இருப்பதால் லண்டன் அவைக்கு அமர ஓர் இருக்கை கிடைக்கிறது. பெரு மக்களில் துரோகி இல்லை, தேவையும் இல்லை, ஏனெனில் மேடையில் பெரு வெல்கிறது.

நம் நாடகங்களில் கட்சி மாறுபவன் நம்மவன். வெள்ளையர் தரப்பில் மனசாட்சிக்கு இடமே இல்லை. கட்டபொம்மன் கதையில் எட்டப்பன், பண்டாரவன்னியன் பற்றிய வாய்மொழிக் கதையிலும் அதைத் தழுவிய நாடகங்களிலும் காக்கை வன்னியன். காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. நாயகன் கறையற்றவன், ஆனாலும் தோற்றான் என்பது வரலாறு. அந்தத் தோல்விக்கு மெலோடிராமாவுக்குள் ஒரே விளக்கம்தான் உண்டு. ஆனால் ஆவணங்கள் அத்தனை எளிதாக ஒத்துழைப்பதில்லை. எட்டயபுரம் கும்பெனியோடு நின்றது உண்மை. கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். ஆயினும் வசைச்சொல்லாக நிலைத்தது எட்டப்பனின் பெயர். காக்கை வன்னியன் இன்னும் வியப்பானவன். யாழ்ப்பாண வைபவமாலையில் சங்கிலியைப் போர்த்துக்கேயரிடம் காட்டிக்கொடுப்பவனாக வரும் பெயர் அது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் தாண்டி 1803-ஆம் ஆண்டின் போருக்குள் அந்தப் பெயர் வந்துவிட்டது. துப்பாக்கிகளின் தொகை, படைகளின் எண்ணிக்கை, திருகோணமலையிலிருந்தும் மன்னாரிலிருந்தும் நகர முடிந்த ஓர் அரசின் வலிமை என்று தோல்விக்கு இருந்த காரணங்கள் மேடையில் நடிக்க முடியாதவை. துரோகியை நடிக்க முடியும்.

இதன் விலை சிறியதல்ல. லண்டனின் நாடகம் அதன் அவைக்குத் தன் குற்றத்தை மறக்க உதவியது. நம் நாடகம் நமக்கு நம் பக்கத்து வீட்டுக்காரனைச் சந்தேகிக்கக் கற்றுத்தந்தது. அந்தப் பழக்கம் மேடையை விட்டிறங்கி எங்கெல்லாம் நடந்தது என்பதை இந்த அவையில் நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். பண்டாரவன்னியன் நாடகங்களின் பிரதிகளைக் காலவரிசையில் அடுக்கி, காக்கை வன்னியன் எந்தப் பிரதியில் நுழைகிறான், எந்த ஆண்டுகளில் அவனது வசனம் நீள்கிறது என்று பார்க்கும் ஆய்வு ஒன்று வேண்டும். முல்லைமணியின் நாடகம் போன்ற சில அச்சில் உண்டு. பள்ளிகளிலும் கோயில் வீதிகளிலும் நடிக்கப்பட்டவை கையெழுத்துப் பிரதிகளாகவே இருந்தவை. வன்னியிலிருந்து இடம்பெயர்ந்தவர்களின் பெட்டிகளோடு அவற்றில் சில இந்த நாட்டுக்கும் வந்திருக்கலாம். உங்களில் யாரிடமேனும், அல்லது உங்கள் பெற்றோரிடம், நடிகர் பெயரும் ஆண்டும் குறித்த ஒரு பழைய கொப்பி இருந்தால், அதைப் படியெடுத்து வைக்க ஆய்வாளர்களுக்கு இடம் கொடுங்கள்.